வெப் எப்போது கிளம்பும்?

மைதாப் பசை விரல் இடுக்கில் காய்ந்து இறுகும்போது வரும் புளித்த வாடைதான் இன்றைக்கும் எனக்கு விண்வெளி ஆராய்ச்சியின் வாடை. இலுப்பூரில் அறிவியல் ஆசிரியையாக இருந்த என் அம்மா, ஹப்பிளுக்கு அடுத்து விண்வெளிக்குப் போகவிருந்த வெப் தொலைநோக்கியின் மேல் பித்தாக இருந்தார். அதனால் ஆண்டுதோறும் பள்ளிக் கண்காட்சிக்கு அதன் மாதிரியைச் செய்யும் வேலை, அதே பள்ளியில் படித்த என் தலையில் விழுந்தது. அதன் பெரிய கண்ணாடிக்காகப் பதினெட்டு அறுகோண அட்டைகளை வெட்டி, தங்க நிற "ஜிகினாத் தாள்" ஒட்டி, கீழே அது கிளம்பப்போகும் ஆண்டை எழுத வேண்டும். அந்த ஆண்டு வருவதற்குள் தள்ளிவைத்துவிட்டதாகச் செய்தி வந்துவிடும். பழைய ஆண்டின் மேல் புதிய ஆண்டை ஒட்டி ஒட்டி அந்த இடம் மட்டும் அப்பளம்போல் உப்பி நின்றது.

ஒன்பதாம் வகுப்பில், கண்காட்சியைத் திறந்துவைக்க வந்த அதிகாரி மாதிரியின் கீழே இருந்த ஆண்டைப் படித்துவிட்டு, "போன வருசம் வேற சொன்னியேம்மா?" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. எங்கள் ஊரான ஆவூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மாவை விட்டுத் தள்ளி முன் சீட்டில் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்துதான் வெடித்தேன்.

"அது போகவே போகாதும்மா. அடுத்த வருசம் எரிமலை செய்றேன், என்னய விட்டுரு."

அம்மா சோற்றை வடித்துக்கொண்டே சொன்னார்: "ஹப்பிள அனுப்புனப்ப கண்ணாடிய தப்பாத் தேச்சுட்டாங்க, படமெல்லாம் மங்கல். பூமிக்குப் பக்கத்துல சுத்துனதால ஆளுக போயி சரிபண்ணுனாங்க. இது நிலாவப் போல நாலு மடங்கு தூரத்துல நிக்கப்போவுது பாப்பா. அங்கிட்டுப் போயி யாரு திருத்துறது? பாத்துப் பாத்துத்தான் அனுப்புவாங்க."

நியாயம்தான். ஆனால் சிரிப்புக்கு ஆளானது நான். அடுத்த ஆண்டு எரிமலைதான் செய்தேன். அம்மா தனியாக உட்கார்ந்து அட்டை வெட்டினார். அதைப் பார்ப்பது இன்னும் எரிச்சலாக இருந்ததால், பசைக் கிண்ணத்தோடு நானும் போய் உட்கார்ந்தேன்.

கடைசியில் அது கிளம்பியது ஒரு கிறிஸ்துமஸ் மாலையில். அதற்குள் நான் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்; பண்டிகைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். விருந்துக்கு வந்த சொந்தக்காரர்களை என் பொறுப்பில் விட்டுவிட்டு அம்மா போனோடு அடுப்படிக்குள் போய்விட்டார். ராக்கெட் எழும்பியபின், "இப்பவாவது வந்து சாப்பிடும்மா" என்றேன். "இன்னும் விரியணும்டி" என்றார். மடித்து அனுப்பிய அந்தக் கண்ணாடி விரிந்து முடிவதற்குள் பொங்கல் நெருங்கிவிட்டது. அதுவரை வீட்டில் யாராலும் அவரிடம் நிம்மதியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

அம்மா இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். கொரோனாவில் நின்ற கண்காட்சி மறுபடி நடக்கவில்லை. வெப் அனுப்பிய படங்களில் தெரிந்ததுபோல், பிரபஞ்சம் பிறந்து அவ்வளவு சீக்கிரத்தில் அத்தனை பிரகாசமான விண்மீன் மண்டலங்கள் இருக்கும் என்று அறிஞர்களே எதிர்பார்க்கவில்லையாம். போன வாரம் அதைப் படித்துவிட்டு, வேலை நேரத்தில் என்னைப் போனில் அழைத்தார்.

"நான் இத்தன வருசம் நடத்துன பாடத்தயே மாத்தணும் போலருக்கு பாப்பா."

குரலில் அப்படியொரு சந்தோஷம். அதைச் சொல்ல அவருக்கு ஒரு வகுப்பு இல்லை. எதிரே மேலாளர் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா" என்றேன்.