ட்ரம்போனுக்கு முன்னால் ஒரு மாங்காய்

இன்றைக்கு என் நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். நடந்ததைக் கேளுங்கோ.

பக்கத்து வீட்டுச் சிவநேசன் கொழும்பில் ட்ரம்போன் படித்தவன். இழுத்து இழுத்து ஊதுகிற பித்தளைக் குழல் அது. போன வெள்ளி நான் தேவாரம் பாட, மதிலால் எட்டிப் பார்த்தான்.

"மாமி, உந்தக் கத்தலை நிப்பாட்டுங்கோ. நான் நவீன இசை பழகவேணும்."

பிள்ளையாருக்கு முன்னால் நின்ற என்னை! விடுவேனா?

இன்று பின்னேரம், இரவு ஊரடங்கு தொடங்க முன்னர், அவனுடைய தனிக் கச்சேரி. முன் வரிசையில் இருந்தேன். அவன் ஊதத் தொடங்கியதும் பச்சை மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடித்தேன். நாதஸ்வரக்காரரைக் கவிழ்க்க எங்கள் ஊரில் செய்கிற வேலைதான். பார்த்தால் எச்சில் ஊறும், பிறகு ஊத முடியாது.

குழல் கொளகொளவென்று உறுமியது. எனக்குள்ளே தேர்த்திருவிழா!

சபையோ எழுந்து நின்று கைதட்டியது. "இதெல்லோ புதுச் சங்கீதம்!" என்று சங்கீத ரீச்சர் கண் கலங்கினார்.

அவன் நாடியில் வழிந்த எச்சிலைத் துடைத்தபடி வந்தான். "மாமி, நாளைக்குப் பருத்தித்துறையிலை கச்சேரி. முன்னுக்குக் கதிரை போடுறன், மாங்காயோடை வாங்கோ."

பழிவாங்கப் போய்ப் பக்கவாத்தியமாகிவிட்டேன். நாளைக்கும் போவேன். ஊதுகிறவனுக்கு வாய் காய்ந்துபோக வேண்டுமென்றால், முன்னால் இருந்து என்ன தின்ன வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.