வெள்ளானூரில் மரியாளின் பாட்டு

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஆவடி ரயில் நிலையத்தில் இறங்கினேன். நாகர்கோவிலிலிருந்து இதற்காகவே வந்திருந்தேன். கல்லூரி நண்பன் ஜெபராஜ், அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன், மரியாளின் பாட்டுக்குப் புதிதாக நான்கு குரல் இசை அமைத்திருந்தான். அன்று மாலை வெள்ளானூரில் அரங்கேற்றம்.

ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். சர்ச் என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“பாட்டு கேக்கவா சார்? ஒரு மாசமா சாயங்காலமானா பாடிக்கினே கீறாங்க. அந்தாண்ட போனா வண்டிய ஸ்லோ பண்ணிடுவேன். இன்னா பாட்டு அது?”

“இயேசு வயித்துல இருக்கும்போது அவங்கம்மா பாடினது.”

“தாய் பாட்டா!” என்றவர் ஆலய வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

சிறிய ஆலயம். உள்ளே ஒத்திகை நின்றுபோயிருந்தது. தனிக்குரல் பாட வேண்டிய எஸ்தருக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. ஜெபராஜ் பயந்துபோய், வேறொருவரைப் பாடச் சொல்லலாம் என்றிருக்கிறான்.

“டாக்டரம்மாவ கேட்டுட்டேண்ணே. ஒக்காந்துகினு பாடலாம்னுட்டாங்க. இது புள்ளத்தாச்சி பாட்டு. நானே பாடறேன்,” என்றாள் எஸ்தர்.

“மூச்சு பத்தலன்னா?”

“நிறுத்துவேன். நீங்கல்லாம் அந்த சுரத்த புடிச்சிகினு இருங்க.”

ஆறு மணிக்குத் தொடங்கியது. வாத்தியம் எதுவும் இல்லை. ஆண்களின் கீழ்க்குரல் தரையிலிருந்து கிளம்புவதுபோல வந்தது. அதன்மேல், நாற்காலியில் அமர்ந்தபடி எஸ்தர் பாடினாள். பாட்டில் பலவான்கள் ஆசனங்களிலிருந்து தள்ளப்படும் இடத்தில் குரல்கள் படிப்படியாகச் சரிந்தன. தாழ்ந்தவர்கள் உயர்த்தப்படும் இடத்தில் பெண்களின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

பசித்தவர்களைப் பற்றிய வரியின் நடுவில் எஸ்தர் நின்றுவிட்டாள். கை வயிற்றுக்குப் போனது. ஜெபராஜின் முகம் வெளுத்தது. ஆனால் தூக்கிய கையை அவன் இறக்கவில்லை. மற்றவர்கள் அந்த ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் மூச்செடுக்க மற்றவர் தாங்க, ஒலி அறுபடவே இல்லை. சபையில் ஓர் இருமல்கூட இல்லை. அத்தனை பேரும் ஒரு பெண்ணுக்காகக் காத்திருந்த அந்த ஒலியில் எனக்குக் கண் நிறைந்தது.

பிறகு அவள் நிமிர்ந்தாள். விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தாள். முன்னைவிடத் தெளிவாக.

முடிந்ததும் ஜெபராஜ் ஓடினான். “வலியாம்மா?”

“இல்லண்ணே. ஒரே ஒதை! சிரிப்பு வந்துட்சு. சிரிச்சிகினே எப்டிப் பாடறது?”

ஜெபராஜ் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் ஊர் ஆலயம் பெரியது, ஆர்கன் உண்டு. இதே பாட்டைப் பழைய மெட்டில் மாலை ஆராதனைதோறும், எங்கும் நிற்காமல், பிழையில்லாமல் பாடி முடிப்போம். சிறு வயதிலிருந்து பாடிவருகிறேன். அதைப் பாடியபோது மரியாளும் நடுவில் எங்காவது நின்றிருப்பாள் என்பது, திருமுல்லைவாயில் தாண்டும்போதுதான் எனக்குத் தோன்றியது.