நிழலுக்குக் கோடு போட்டவர்

போன வாரம் எங்கள் அச்சகத்து மொட்டைமாடியில் ஒரு பெண், தண்ணீர்த் தொட்டியின் நிழலைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பெயர் கிரேஸ். சோலார் கம்பெனி இன்ஜினீயர். விருதுநகரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்.

காலை பத்து மணிக்கு ஒரு கோடு. உச்சி வெயிலில் ஒன்று. மூன்று மணிக்கு இன்னொன்று. நிழல் விழுகிற இடத்தில் பேனல் வைத்தால் காசு வீணாம். சிவகாசி வெயிலில் நிழலைத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்... அளக்கிறவரை அன்றுதான் பார்த்தேன்!

இது காலண்டர் சீசன். ஆர்டர் குவிந்து கிடக்கிறது; தினமும் கரண்ட் கட். சோலார் வைத்தால் மெஷின் நிற்காது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். அந்தச் செலவுக்காக மல்லாங்கிணறில் இருக்கும் மானாவாரி நிலத்தை விற்கப் பேசியாகிவிட்டது. வாங்குகிறவர் மறுநாள் வருவதாக இருந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி சோலார்?" வந்ததுமே கிரேஸ் கேட்டார்.

படித்தவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது. நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். "சும்மாதாம்மா... வெயில் வீணாப் போகுதுல்ல" என்றேன்.

அவர் கரண்ட் பில்களை வாங்கிக் கணக்குப் போட்டார். கிரிட், இன்வெர்ட்டர், யூனிட் – அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் புரியாமலே தலையாட்டினேன்.

மோர் கொண்டுவந்த என் மனைவிதான் கேட்டாள்: "ஏம்மா, கரண்டு போனாலும் மெஷின் ஓடும்ல?"

கிரேஸ் பேனாவை மூடினார். "ஓடாதுக்கா. இது ஈ.பி. லைனோட சேர்ந்த சோலார். லைன் போனா இதுவும் தானா நின்னுரும். இல்லன்னா கம்பத்துல ஏறி நிக்கிற லைன்மேன நம்ம கரண்டு அடிச்சிரும்."

"அடி ஆத்தீ! அதுக்குத்தான இவுக நெலத்தையே விக்கப் போறாக!"

கிரேஸ் என் பக்கம் திரும்பினார். "வித்துராதீக அண்ணாச்சி. இது பில்லத்தான் குறைக்கும். போட்ட காசு திரும்பவே ரொம்ப வருசமாகும். பேட்டரி வச்சு இம்புட்டுப் பெரிய மெஷின ஓட்டணும்னா, இன்னொரு நெலமும் வேணும்."

"இருக்கிறதே ஒண்ணுதாம்மா!" மனைவி சிரித்துவிட்டாள்.

கிளம்பும்போதும் சும்மா போகவில்லை. "கட் நேரத்துல காலண்டர் தலைப்புல தகரப் பட்டை அடிக்கிற கைவேலையப் பாருங்க. கரண்டு இருக்கையில பிரிண்டிங் மட்டும் பாருங்க." நாள் முழுக்க வெயிலில் காய்ந்தவர், கைக்கு வந்த ஆர்டரை விட்டுவிட்டு பஸ் ஏறினார்.

கம்பத்தில் நிற்கும் யாரோ ஒருவருக்காகத் தானே நின்றுவிடுகிற சோலார். அன்றைக்குத்தான் பார்த்த ஒருவனின் நிலத்துக்காகத் தன் வியாபாரத்தை நிறுத்திய பெண். இரண்டும் ஒரே ரகம் இல்லையா?

அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. என் வெட்கத்துக்கு மட்டும் கரண்ட் கட்டே கிடையாது!