ஜன்னல் ஓரத்தில் தூங்கியவர்

தேயிலை விலை விழுந்து, என் கணவர் தூளின் பக்குவம் பார்க்கும் டீ மேக்கராக இருந்த தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு அவர் தூங்க ஆரம்பித்தார். காலையில் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். மத்தியானம் எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி படுப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகும். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்றார் குன்னூர் டாக்டர். நான் அப்போது ஒரு நாளிதழுக்கு உள்ளூர்ச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். மூடிக் கிடந்த தொழிற்சாலைகளைப் பற்றி எழுத முடிந்தது. வீட்டில் படுத்திருந்தவரை எழுப்ப முடியவில்லை.

அதனால்தான் தியான வகுப்புக்கு அழைத்துப் போனேன். ரேஷன் கடைக்கு மேலே மாடி. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா நடத்தினார். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். கணவர் கண்ணை மூடினார். அவ்வளவுதான்.

“தூக்கம் வர்றது தப்பில்லீங்க. அது வர்றப்பவே கண்டுபிடிச்சுரோணும்,” என்றார் அந்த அம்மா.

முதுகை நிமிர்த்தச் சொன்னார். கண்ணைப் பாதி திறந்து வைக்கச் சொன்னார். காது மடல்களை இழுத்துவிடச் சொன்னார். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். கடைசியில் நின்றபடி செய்யச் சொன்னார். கணவர் சுவரில் சாய்ந்து, நின்றபடியே தூங்கினார்.

“ஏனுங்க, டீ மேக்கரு நமக்கு முந்தியே போய்ச் சேந்துட்டாருங்க,” என்றார் பின்வரிசைத் தபால்காரர். எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார், கண்ணைத் திறக்காமலே.

நான் தியானம் செய்யவில்லை. கணவர் தூங்கிப்போய் மூச்சு எப்போது நீளப்போகிறது என்று கேட்டபடி விறைப்பாக உட்கார்ந்திருப்பேன். அந்த அம்மா என் முதுகைப் பாராட்டினார்.

ஒருநாள் வீடு திரும்பும்போது கேட்டேன். “ராத்திரி ஷிப்டுல மட்டும் எப்பிடீங்க முழிச்சிருந்தீங்க?”

“யாரு முழிச்சிருந்தா? சேர்ல தூங்குவேன். அரைச்ச கொழுந்தப் பரப்பி வெச்சிருப்பாங்க. பச்ச வாசம் போயிப் பழ வாசம் வந்தா தானா முழிப்பு வந்துரும். உடனே காய வெக்கற டிரையருக்கு அனுப்பிருவோம், விட்டா புளிச்சிரும்.”

“இப்ப?”

“இப்ப என்ன வாசம் வருது, சொல்லு.”

அடுத்த வகுப்பன்று சாரல். குளிர்காற்று பட்டால் தூக்கம் கலையும் என்று அந்த அம்மா கணவருக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்தார். கீழே பள்ளத்தில் ஒரு சிறிய தொழிற்சாலை இருந்தது. போதுமான கொழுந்து சேர்ந்தால்தான் அதை ஓட்டுவார்கள். அன்று ஓட்டினார்கள். அரைத்த கொழுந்தின் வாசம் மாடிவரை ஏறி வந்தது.

எல்லோரும் கண்மூடியிருந்தபோது கணவர் துள்ளி எழுந்தார். “எடுங்கப்பா! டிரையர்ல போடுங்க!”

தபால்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கணவர் காதில் விழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். கண்கள் முழுதாகத் திறந்திருந்தன. அந்தக் கண்களைப் பார்த்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன.

“மிஞ்சிப் போச்சு. புளிப்பு ஏறிருச்சு. அங்க பாக்கறதுக்கு ஆளே இல்லியா?”

“போன் பண்ணிச் சொல்லலாமுங்களா?” என்றேன். அவரைப் படிக்கட்டில் இறக்கி, அந்தப் பள்ளம்வரை நடத்திக் கூட்டிப்போய்விட முடியும் என்று ஒரு கணம் தோன்றியது.

“சொல்லி? இன்னிக்கு விக்கற வெலைக்கு நல்ல தூளும் ஒண்ணுதான், கெட்ட தூளும் ஒண்ணுதான்.”

வாசம் இன்னும் வந்துகொண்டிருந்தது. அவரே ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். விரிப்பில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடினார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பக்கத்தில் மூச்சு நீளத் தொடங்கியது.