குதிரையும் சைக்கிளும் என் காலும்

நனைந்த புல்லைப் பரப்பி, அதன் மேல் கோணியை விரித்து, வெயில் ஏற ஏற அதிலிருந்து கிளம்புகிற வாடை இருக்கிறதே, என்னைப் பொறுத்தவரை அதுதான் குதிரை வண்டி. காதர் பாயின் "ஜட்கா" எங்கள் ஊருக்குள் வரும்போது முதலில் அந்த வாடை வரும், பிறகு சலங்கைச் சத்தம் வரும், கடைசியில்தான் ராணி என்ற வெள்ளைக் குதிரை தலையை ஆட்டிக்கொண்டு வரும். 1991-ல் ஒரகடத்துக்கு வடக்கே ஏரியை ஒட்டியிருந்த எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். அந்தக் காலை பஸ்ஸும் ஊர் ஊராக நின்று, ஸ்ரீபெரும்புதூர் பள்ளிக்கூடத்தில் மணி அடித்து, பாட்டுப் பாடி, பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் போய்ச் சேரும்.

எங்கள் ஊர்ப் பள்ளி எட்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் ஸ்ரீபெரும்புதூர்தான். என்னோடு எட்டாவது முடித்த பெண்களில் ஒருத்தியும் போவதாக இல்லை. நான் போவேன் என்றேன். அப்பாவை நாங்கள் "நைனா" என்போம். நைனா பொல்லாதவர் இல்லை, ஆனால் எதையும் நாலு பக்கமும் அளந்து பார்த்துவிட்டு, நாலு பக்கமும் அடைத்துவிடுகிறவர். "தினம் ஜட்கா வெக்க நமக்குக் கட்டாது. பொட்டப்புள்ள சைக்கிள்ல போனா ஊரே நின்னு வேடிக்கை பாக்கும். நடந்து போனா நீ பாதி வழி போறதுக்குள்ள மணி அடிச்சிடும். வுட்டுடு பாப்பா" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டு வாசலில் மாலையானால் இதே பேச்சுதான். பேச்சைக் கிளப்பியவர் சேகர் மாமா, அம்மாவின் தம்பி. படப்பையில் ஒரு மர மில்லில் வேலை, எங்கள் வீட்டில் சாப்பாடு. கைப்பிடியில் கலர் கலராகக் குஞ்சம் தொங்கும் புது சைக்கிள் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தன் தலைக்கு வைக்கும் எண்ணெயில் பாதியை அதற்குத் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய மில் எதிர்த் திசையில் இருந்ததால் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகவும் வழியில்லை. ஆனால் பெருமைக்கு மட்டும் குறைச்சல் கிடையாது. குதிரை பெரிதா, சைக்கிள் பெரிதா என்று, சவாரி முடிந்து எங்கள் வாசலில் வந்து உட்காரும் காதர் பாயைச் சீண்டுவார்.

"ராணி கெளம்புனா காத்து மாதிரி போவும் தம்பி. ஆனா போய் நின்னதும் தண்ணி காட்டணும், கொள்ளு வெக்கணும், உடம்ப தேச்சு வுடணும்" என்பார் பாய்.

"என் வண்டிக்குக் கொள்ளும் வாணாம், புல்லும் வாணாம். காத்து அடிச்சா போதும், நாள் பூரா ஓடும்."

"அது ஓடும். மிதிக்கிற உனுக்குக் கஞ்சி வாணாமா?"

எல்லாரும் சிரிப்பார்கள். மனிதக் காலைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை என்பது எனக்கு ஆத்திரமாக வரும். ஒருநாள் நடுவில் புகுந்து, வற்றிக் கிடக்கும் ஏரிக்குள் இறங்கிக் குறுக்கே போனால் நானும் மணிக்கு முன்னால் போய்விடுவேன் என்றேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே அடுப்பில் இருந்த அம்மாதான், "பொழுதுக்கும் களத்துமேட்டுல நடக்கிற காலு, பள்ளிக்கோடத்துக்கு மட்டும் நடக்காதாமா?" என்று குரல் கொடுத்தாள். நைனா கொஞ்ச நேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு ஒரு முடிவு சொன்னார். பள்ளி திறக்கிற அன்று வேர்க்கடலை மூட்டையோடு அவர் ஜட்காவில் டவுனுக்குப் போவார். நான் நடந்து போக வேண்டும். மணிக்கு முன்னால் பள்ளி வாசலில் நான் நின்றால் சேர்த்துவிடுவார், இல்லையென்றால் அதோடு படிப்புப் பேச்சே கிடையாது. மாமா உடனே அன்றைக்கு மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, தானும் சைக்கிளில் வருவதாகச் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் விடியலிலிருந்தே நான் ஆரம்பித்துவிட்டேன். சுள்ளி பொறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வற்றிய ஏரிக்குள் இறங்குவேன். முதலில் வெறியோடு ஓடினேன். பாதியிலேயே விலா பிடித்துக்கொண்டு, மண்டி போட்டுவிட்டேன். ஓட்டம் குதிரைக்கு, நமக்கில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த நாளிலிருந்து வழியில் தெரிந்த பனைகளை அடையாளமாக்கி, ஒரு பனைவரை ஓட்டம், அடுத்த பனைவரை நடை என்று வைத்துக்கொண்டேன். நடக்கிறபோதே மூச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பழகினேன். உள்ளங்கால் காய்த்தது. முடியாது என்று சொன்னவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே நடப்பேன். அதைவிட நல்ல சாட்டை எனக்குக் கிடைக்கவில்லை.

பள்ளி திறக்கும் நாள் வந்தது. அம்மா கொடுத்த கூழைக் குடித்துவிட்டு, பையை முதுகில் மாட்டிக்கொண்டு கரையில் நின்றேன். ராணி சலங்கையை உதறிக்கொண்டு சாலையில் கிளம்பியது. நான் மூன்றாவது பனையைத் தொடுவதற்குள் சலங்கைச் சத்தம் கேட்காத தூரத்துக்குப் போய்விட்டது. சைக்கிளும் சாலையிலேயே போயிருந்தால் முதலில் போய்ச் சேர்ந்திருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் மாமாவுக்கு ஜெயிப்பது மட்டும் போதவில்லை, என்னைக் கேலி செய்துகொண்டே ஜெயிக்க வேண்டும். சாலையை விட்டு எனக்குப் பின்னாலேயே ஏரிக்குள் இறங்கி, மணியடித்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இன்னாமே, நடக்கிறியா, நிக்கிறியா?" என்றார். ஏரி முழுக்க வேலிகாத்தான். அதன் முள் செருப்பையே துளைத்துக்கொண்டு காலில் ஏறும்; டயர் எந்த மூலைக்கு! புஸ்ஸென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாமா கரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். சிரிக்கக்கூட மூச்சை வீணாக்கக் கூடாது என்று நான் போய்க்கொண்டே இருந்தேன்.

பள்ளி வாசலை அடைந்தபோது மணி அடிக்கவில்லை. கால் ஒரு இடத்தில் கிழிந்து ரத்தம் கசிந்தது. வாசலில் ஜட்காவும் இல்லை, நைனாவும் இல்லை. குதிரையை நான் முந்திவிட்டேன் என்பதை நம்ப எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தச் சந்தோஷம் மணி அடிக்கிற வரைக்கும்தான். பெற்றவர் வந்து கையெழுத்துப் போடாமல் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மணிக்கு முன்னால் வந்து நின்ற என்னை, வெளியே நிற்க வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அழுதால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அழுகையை விழுங்கிக்கொண்டு, கதவைத் தள்ளி நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

"எங்க நைனா குதிரையில வந்துகினு கீறாரு டீச்சர். கொஞ்சம் இருங்க."

"குதிரையிலயா? யாரும்மா உங்க நைனா, ராஜாவா?" என்றார் அவர். ஆனால் என் காலைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

சாலையில் நடந்தது இதுதான். ஜட்கா ஓட்டாத நாளில் ராணிக்கு மாப்பிள்ளை ஊர்வலத்தில் வேலை. பேண்டு வாத்தியம் காதில் விழுந்தால் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து, நின்ற இடத்திலேயே ஆட வேண்டும் என்று பாய்தான் அதைப் பழக்கியிருந்தார். அன்று ராணிக்கு ஊர்வலம் எதுவும் இல்லாததால் முகூர்த்த நாள் என்பதையே அவர் மறந்துபோனார். டவுன் எல்லையில் இருந்த கல்யாண மண்டபத்து வாசலில் பேண்டு முழங்கிக்கொண்டிருந்தது. ராணி நின்றது. ஆடத் தொடங்கியது. பாய் அதட்டியும் கெஞ்சியும் ஒரு அடி நகரவில்லை. கூட்டம் சுற்றி நின்று கைதட்ட, அதற்கு இன்னும் உற்சாகம்.

நைனா வண்டியிலேயே உட்கார்ந்திருக்கலாம். அவர் வந்து சேராமலிருந்தால் நான் சேர்ந்திருக்க முடியாது, அவரையும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் மூட்டையைப் பாயிடம் விட்டுவிட்டு இறங்கினார். அங்கிருந்து பள்ளிவரை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வந்தார். தலைமையாசிரியை அறை வாசலில் வேர்த்து வழிய, மூச்சு வாங்க நின்ற நைனாவைப் பார்த்ததும்தான், அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு உடைந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு என் காலைப் பார்த்தார்.

"நாளைக்கும் வருவியா?"

"வருவேன் நைனா."

மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும். மாமாவின் சைக்கிள் அந்த வாரம் பஞ்சர் கடையில் கிடந்தது. ராணி வெயில் தாங்காமல் இரண்டு நாள் படுத்துவிட்டது என்றார் பாய். ஒருநாள் வேகத்தில் நான் எப்போதும் மூன்றாவதுதான், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஐப்பசியில் ஏரி நிரம்பி, சாலையில் சுற்றிக்கொண்டு இருட்டோடு கிளம்ப வேண்டி வந்தபோதும், மாதக்கணக்கில் ஓயாமல் போய்வந்தது என் கால்தான்.

இப்போது அந்தப் பனைகளில் ஒன்றுகூட இல்லை. ஏரியைத் தாண்டி நான் ஏறிப் போன வயல் வழியை ஒரு கம்பெனியின் மதில் மறிக்கிறது. பாயும் இல்லை, ஜட்காவும் இல்லை. அதே பள்ளியில் இன்று நான் ஆசிரியை. என் மாணவிகளின் சைக்கிள்கள் ஸ்டாண்டில் வரிசையாக நிற்கின்றன, யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை.

போன வருடம் ஆண்டுத் தேர்வு நாளில், மணிக்கு முன்னால் நான் வினாத்தாளோடு அறையில் இருந்தாக வேண்டும். மகன் காரை ஓட்டினான். கண் ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக நைனா பின்னால் உட்கார்ந்திருந்தார். அந்தப் பழைய கல்யாண மண்டபத்தருகே வந்ததும் வண்டி நின்றது. ஷிப்ட் மாறும் நேரம், கண்ணுக்கெட்டிய வரை கம்பெனி பஸ்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து நைனாவின் குரல் வந்தது.

"இன்னா பாத்துகினு கீற? எறங்கி நட பாப்பா."

இறங்கினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பஸ்வரை ஓட்டம், அடுத்த பஸ்வரை நடை என்று போனேன். பள்ளிக்குள் நான் நுழைந்த பிறகுதான் மணி அடித்தது.