வாத்தின் கண்ணோரத்து நிறம்

பெயிண்ட் கடையில் எல்லாரும் அவளை டப்பாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக நிறம் கலக்குகிறாள். கலந்து முடித்ததும் விரலால் தொட்டு டப்பா மூடியில் ஒரு பொட்டு வைப்பாள். நிறம் சரி என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஷேடு கார்டில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்து அர்த்தம் தேடுவது அவளுக்கு ஒரு பைத்தியம். மோவ் என்றால் ஒரு பூ, மரூன் என்றால் ஒரு கொட்டை என்று மகளின் தடித்த அகராதியில் கண்டுபிடித்திருந்தாள். குச்சியால் கலக்கும்போதே மனசு எங்கேயோ போய்விடும். கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் திரும்புவாள்.

ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு 'டீல்' என்ற நிறம் பன்னிரண்டு டப்பா கேட்டிருந்தார்கள். பச்சை என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் சொல்ல முடியாது. ஆறு டப்பா கலந்ததும், நிறம் ஏற்றச் சொட்டுவிடும் நீல ஸ்டெயினர் தீர்ந்துபோனது. வேறு கம்பெனி நீலத்தை எடுத்து, சொட்டுச் சொட்டாகச் சரிக்கட்டி, மீதி ஆறையும் முடித்தாள். மூடிகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

இரண்டு நாள் கழித்து, வார்டுக்கு பெயிண்ட் அடிக்கும் மேஸ்திரி கையில் இரண்டு டப்பா மூடிகளோடு புயலாக உள்ளே வந்தார்.

"டப்பாக்கா, பாதிச் சுவரு பச்சை, பாதிச் சுவரு நீலம்! நர்ஸம்மா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க."

"நீங்க அடியோட கலக்காம அடிச்சிருப்பீங்க மேஸ்திரி. நீங்க கொண்டாந்த மூடியையே பாருங்க."

ஜன்னல் இல்லாத கடை. ட்யூப்லைட்டுக்கு அடியில் பச்சைச் சுவர் மூடியின் பொட்டும் நீலச் சுவர் மூடியின் பொட்டும் ஒன்றாகவே இருந்தன. மேஸ்திரி கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

முதலாளி இரண்டு பேரையும் கையமர்த்தினார். "யார் தப்போ எனக்கு வேண்டாம். நாளைக்கு மத்தியானம் வார்டுல கட்டில் போடறாங்க. அதுக்குள்ள சுவரு ஒரே சுவரா ஆகணும். ஆகலைன்னா நீ ஆணி கவுண்டருக்குப் போயிடும்மா."

அவள் இரண்டு மூடிகளையும் பையில் போட்டுக்கொண்டாள். காலம் பூராவும் ஆணி நிறுத்துப் போடுவதா? ஆணிக்கு ஏது நிறம், ஏது பெயர்?

சாயங்காலம் வீட்டில் அகராதியை விரித்தாள். குடிக்கிற டீயை ஆங்கிலத்தில் எழுதும் மூன்று எழுத்தோடு கடைசியில் ஓர் எல், அவ்வளவுதான் டீல். அது ஒரு சின்ன வாத்து, நம்முடைய கிளுவை. சொல் எங்கிருந்து வந்தது என்று அகராதிக்கே உறுதியில்லை. வாத்து அந்தப் பெயரோடு பல நூறு வருஷம் நீந்திய பிறகுதான், ஆண் வாத்தின் கண்ணோரத்துப் பட்டையைப் பார்த்து நிறத்துக்கும் அதையே வைத்திருக்கிறார்கள்.

"என்னங்க, உங்க முதல் பஸ் ஏரி வழியாத்தானே?" என்றாள் கணவனிடம். அவர் பஸ் டிரைவர்.

"ஆமா. ஏரில உனக்கென்ன வேலை?"

"ஒரு வாத்தைப் பார்க்கணும்."

"வேலை போகப்போகுதுங்கற, வாத்து பார்க்கப் போறேங்கற. முத்திடுச்சு. சரி, டிக்கெட் எடுத்துட்டு ஏறு."

விடிந்தும் விடியாத நேரம். ஏரி தண்ணீரா, மேகமா என்று பிரிக்க முடியாமல் கிடந்தது. கரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பனி விலக விலக, கிளுவைகள் ஒவ்வொன்றாக, யாரோ நினைத்து நினைத்து வரைவது போலத் தோன்றின. ஓர் ஆண் பறவை கரையோரமாக மிதந்து வந்தது. பழுப்புத் தலை, கண்ணைச் சுற்றிப் பச்சைப் பட்டை. சூரியன் எட்டிப் பார்த்தது. பறவை தலையை மெல்லத் திருப்பியது. பச்சை நீலமாயிற்று. இன்னும் கொஞ்சம் திருப்பியது, மறுபடி பச்சை. இறகு அதே இறகு. அவள் மூச்சு விடவும் மறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நிறம் இறகில் பாதிதான். மீதி வெளிச்சத்தில் இருந்தது.

சட்டென்று பையிலிருந்து இரண்டு மூடிகளையும் எடுத்து வெயிலில் நீட்டினாள். ஒரு பொட்டு பச்சை. ஒரு பொட்டு நீலம்.

அடுத்த பஸ்ஸில் கடைக்கு ஓடி, ஸ்டெயினர்களையும் ஒரு வாளி வெள்ளைப் பெயிண்டையும் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போனாள். சுவரைப் பார்த்தபடி மேஸ்திரி நின்றிருந்தார்.

"தப்பு என்னோடதுதான் மேஸ்திரி. நேத்து உங்களைச் சொல்லிட்டேன்."

"ஒத்துக்கறதுக்கு இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தீங்களா? வாளியைக் குடுங்க முதல்ல."

அவள் நர்ஸம்மா பக்கம் திரும்பினாள். "பிள்ளைங்க எந்த வெளிச்சத்துல சுவரைப் பார்ப்பாங்க?"

"ஜன்னல் வெளிச்சம்தான். ராத்திரி சின்ன விளக்கு ஒண்ணு எரியும், அப்போ பிள்ளைங்க தூங்கிடும்."

ஜன்னலடியில் உட்கார்ந்து கலந்தாள். நீலம் அடித்த பாதியில் ஒரு தீற்று வைத்து, காயவிட்டு, பார்த்து, மஞ்சளில் இரண்டு சொட்டு. மறுபடி தீற்று, மறுபடி காத்திருப்பு. ஐந்தாவது தீற்றில் தலையாட்டினாள். மேஸ்திரி ரோலரை எடுத்தார். மின்விசிறிகள் சுழன்றன. பன்னிரண்டரைக்குக் கட்டில்கள் உருண்டு வந்தபோது, அவர் இணைப்பைத் தேடிச் சுவரெங்கும் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். அகப்படவில்லை.

மாடிப்படிக்கும் அதே நிறம் வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னதில் முதலாளிக்கு வாயெல்லாம் பல். மறுநாள் கடைக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். டப்பாக்கா வழியை மறித்து வெளியே ஸ்டூலைப் போட்டு, நல்ல வெயிலில் கலந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, ரோட்டுத் தூசியெல்லாம் பெயிண்ட்ல விழாதா?"

"தூசியை வடிகட்டிக்கலாம் முதலாளி. ட்யூப்லைட்டை எப்படி வடிகட்டறது?"