வீராணத்தில் மாசி மாதத் தண்ணீர்

காட்டுமன்னார்கோயிலிலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் எங்கள் பஸ் வீராணம் ஏரிக்கரையில் பஞ்சராகி நிற்கிறது. டிரைவர் டயரைக் கழற்ற ஆரம்பித்ததுமே என் மனைவி ரீட்டா படித்துறையில் இறங்கிவிடுகிறாள். கிணற்றில் நீந்திப் பழகியவள். தண்ணீரைக் கண்டால் நிற்கமாட்டாள்.

படியில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் செல்வி, கரைக்கு அந்தப் பக்கம்தான் வீடு என்கிறாள்.

"தண்ணி குளிருமா?" என்று கேட்கிறேன்.

"மார்கழியில கால வச்சா வெறைச்சிடும்ண்ணே. சித்திரையில வெறும் சேறு, அதுவும் சுடும். இந்த மாசியிலதான் நல்லாருக்கும். மேல வெதுவெதுன்னும் அடியில சில்லுன்னும் இருக்குமாம்."

"இருக்குமாமா?"

"எனக்கு நீச்சல் தெரியாதுண்ணே. இடுப்புக்கு மேல போனதே இல்ல. பயம்."

"வா செல்வி, நான் புடிச்சுக்கறேன்," என்று ரீட்டா கையை நீட்டுகிறாள்.

செல்வி கையிலிருந்த துணியைப் படியில் வைக்கிறாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்குகிறாள். ரீட்டா அவள் முதுகைத் தாங்கி மெல்லச் சாய்க்கிறாள். செல்வி கத்துகிறாள், ரீட்டாவின் தோளில் நகம் பதியப் பிடிக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உடம்பு தளர்கிறது. கால்கள் தானாக மேலே வருகின்றன. மிதக்கிறாள்.

"அக்கா, முதுகுல சில்லுங்குது! வயித்துல வெயிலு!"

டயர் மாட்டியாகிவிட்டது. டிரைவர் விடாமல் ஹாரன் அடிக்கிறார்.

"அது போவட்டும்க்கா. அடுத்த பஸ்ஸு வரும்," என்கிறாள் செல்வி, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரீட்டா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். பைகளை இறக்கிக்கொள்ள நான் பஸ்ஸை நோக்கி ஓடுகிறேன்.